விழா முன்பணம் குறித்த கணக்குக் கொள்கை

1. தயாரிப்பின் அடிப்படை

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் காப்பியடித்ததில் பிறந்தது.

நான் ஒரு ஹோட்டலின் கணக்காளர். ஐந்து மாடி, அறுபத்திரண்டு அறை, இரண்டு ஹால், ஒரு லிஃப்ட். வருடா வருடம் நிதி அறிக்கை தயாரிப்பது என் வேலை. அதில் எண்களுக்குப் பின்னால் 'குறிப்பு 2: கணக்குக் கொள்கைகள்' என்று ஆறு பக்கம் வரும். எந்தப் பணத்தை எப்போது வருமானம் என்று சொல்வோம், எந்தப் பொருளை எத்தனை வருடத்தில் செலவில் தள்ளுவோம் என்றெல்லாம் கம்பெனி கொடுக்கும் வாக்கு அது. ஒருத்தரும் படிப்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த வருடம் அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நண்பன் ஒருவன் கோழிப் பண்ணையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களுடைய ஆறு பக்கத்தை அப்படியே எடுத்து, 'பண்ணை' என்று வந்த இடத்திலெல்லாம் 'ஹோட்டல்' என்று மாற்றினேன். ஒரு பத்தி தப்பிவிட்டது. அதன்படி, ஒன்பது வருடமாக எங்கள் ஹோட்டல் முட்டையிடும் பறவைகளை அவற்றின் வயதுக்கேற்ப மதிப்பிட்டு வருகிறது. முதலாளி கையெழுத்து போட்டார். பழைய ஆடிட்டர் கையெழுத்து போட்டார். 'என்னய்யா, கோழி எங்கே?' என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

யாரும் படிக்காத இடத்தில் எழுதுகிறவனுக்கு ஒரு தைரியம் வரும் பாருங்கள், அது பொல்லாதது. (கதை எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நான் யாரையும் குறிப்பிடவில்லை.)

2. கைவிட்ட தொடக்கங்கள்

அ) 'மழை பெய்துகொண்டிருந்தது. ஹோட்டல் வாசலில் ஒரு பெண் தனியாக—'

அடித்துவிட்டேன். மழை பெய்யவில்லை. அந்தப் பெண் என் அக்கா. அவள் வாசலில் நிற்கிற ஆள் இல்லை. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத துணி அறையில், படுக்கை விரிப்புகளை எண்ணிக்கொண்டிருப்பாள். அவள்தான் அந்த அறைக்குப் பொறுப்பாளர்.

ஆ) 'காத்திருப்பு என்பது—'

இதை அக்காவே எட்டிப் பார்த்தாள். "போடா, பெரிய இவன். வேலையைப் பாரு" என்றாள். அடித்துவிட்டேன்.

இ) 'ஒரு கல்யாணத்துக்கான முன்பணம் நாலு வருடமாக என் கணக்கில் கிடக்கிறது.'

இது நிற்கட்டும். இதில் பொய் இல்லை.

3. சம்பந்தப்பட்டவர்கள்

எந்த நிதி அறிக்கையிலும் இப்படி ஒரு குறிப்பு வைக்கவேண்டும்: கம்பெனியில் யாருக்கு யார் சொந்தம், அதனால் கணக்கில் எங்கே கோணல் வரலாம் என்று. ஆகவே நானும் சொல்லிவிடுகிறேன். அக்கா எனக்குச் சொந்தம். முன்பணம் கட்டியவர் எங்கள் லிஃப்டைப் பராமரிக்கும் மெக்கானிக். அவர் எனக்கு இன்னும் சொந்தம் இல்லை. மாமா என்று கூப்பிட ஒரு கல்யாணம் பாக்கி இருக்கிறது. அதுவரை 'சார்'.

நாலு வருடத்துக்கு முன் இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, எங்கள் ஹோட்டலிலேயே ஹால் பதிவு செய்தார்கள். முதலில் அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்த் தள்ளிப்போனது. அந்தம்மா எழுந்து நடமாடத் தொடங்கிய சமயம், ஹோட்டல் ஹாலை இடித்துப் புதுப்பிக்க ஆரம்பித்தது. அதில் பத்து மாதம். எல்லாம் சரியான பிறகு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. யாராவது ஒருவர் தேதி சொல்லவேண்டும்.

"அவங்க சொல்லட்டும்டா. நானா போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள் அக்கா.

"அவங்க வசதி எப்படியோ" என்றார் லிஃப்ட்காரர்.

மரியாதையில் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மிஞ்சிவிட்டார்கள். மாதத்தில் முதல் செவ்வாய் அவர் சர்வீஸுக்கு வருவார். துணி அறை வாசலில் நின்று, "லிஃப்ட் சரியாயிடுச்சுங்க" என்பார். "சரிங்க" என்பாள் அக்கா. அவ்வளவுதான். இரண்டு வருடமாக எங்கள் லிஃப்ட் மட்டும் சரியாகிக்கொண்டிருக்கிறது.

(ஒரு சந்தேகம்: இப்படிக்கூட ஒரு மனிதர் இருப்பாரா? கதாபாத்திரம் நம்பும்படி இல்லையே என்று நானே நினைத்தேன். ஒரு நாள் காதலையும் கொஞ்சம் கோபத்தையும் சேர்த்து அவருக்கு நாலு வரி வசனம் எழுதிப் பார்த்தேன். அது அவர் இல்லை. வேறு யாரோ அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. எடுத்துவிட்டேன்.)

4. கொள்கை

இப்போது கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கதையே இங்கேதான் இருக்கிறது.

விருந்தினர் அறைக்குப் பணம் கட்டினால் அது வருமானம் இல்லை. அவர் வந்து தங்கினால்தான் வருமானம். ஹாலும் அப்படித்தான். விழா நடக்கும்வரை முன்பணம் எங்கள் பணம் அல்ல, அவர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன். எனக்கு மிகவும் பிடித்த கொள்கை இது. நடக்காததை நடந்ததாக எழுதாதே என்கிறது. கதாசிரியர்களுக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தால் பாதிப் பேர் பட்டினி கிடப்பார்கள்.

ஆனால் அடுத்த வரி ஒன்று இருந்தது, பண்ணையிலிருந்து வந்தது: 'மூன்று ஆண்டுகளுக்கு மேல் கோரப்படாத முன்பணம் வருமானமாகக் கொள்ளப்படும்.' அதாவது, இனி விழா நடக்காது என்று கம்பெனி முடிவு கட்டிவிடும். பதிவு ரத்து. போன வருடம் அந்த மூன்று ஆண்டு முடிந்தது.

அக்காவின் கல்யாணம் நடக்காது என்று என் கையாலேயே எழுதுவதா? மாட்டேன். அந்த வரியை அழித்துவிட்டு இப்படித் தட்டினேன்:

'விழா நடக்கும் என்று கணக்காளர் நம்பும்வரை, முன்பணம் கடனாகவே காட்டப்படும்.'

எல்லோரும் கையெழுத்து போட்டார்கள். கோழிக்கே போட்டவர்கள்.

5. மாற்றம்

இந்த வருடம் பழைய ஆடிட்டர் ஓய்வு பெற்றார். புதிதாக ஒரு மேடம் வந்தார். வந்த முதல் நாளே என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, குறிப்பு 2-ஐ முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"கோழி எத்தனை இருக்கு?" என்றார்.

"இல்லைங்க மேடம்."

"முட்டை?"

"அதுவும் இல்லை."

சிவப்புப் பேனாவால் பறவைகளை அடித்தார். ஒன்பது வருடக் கோழிகள் ஒரே கோட்டில் போயின. அடுத்த பக்கம் புரட்டினார். நின்றார்.

"யாரு இந்த நம்புற கணக்காளர்?"

"நான்தான் மேடம்."

"நம்பிக்கைக்கு ஆதாரம்?"

ரசீது கேட்டால் காட்டலாம், பில் கேட்டால் காட்டலாம். இதற்கு என்ன காட்ட? "எங்கக்கா மேடம்" என்றேன். அப்புறம் நாலு வருடக் கதையையும் சொன்னேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொண்டார்.

"சரி, நீங்களும் ஊகிக்க வேண்டாம், நானும் ஊகிக்க வேண்டாம். பார்ட்டிகிட்டயே கேட்டுடலாம். லெட்டர் அடிச்சுக் கொண்டாங்க."

ஆடிட்டர்கள் இப்படிக் கடிதம் போடுவது வழக்கம். எங்கள் கணக்கில் உங்கள் பெயரில் இவ்வளவு இருக்கிறது, தப்பென்றால் சொல்லுங்கள் என்று. பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் பெயரையும் தொகையையும் மாற்றினேன். 'விழா' என்ற இடத்தில் 'தங்கள் திருமணம்' என்று போட்டேன். 'நிலை' என்ற இடத்தில், கை தானாகவே 'நடைபெற உள்ளது' என்று தட்டிவிட்டது. கடைசியில் வழக்கமான வரி: 'மேற்கண்ட விவரம் தவறு எனில் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும்.' அதற்குக் கீழே கிழித்து அனுப்ப ஒரு துண்டு. அதில் ஒரே ஒரு கட்டம்: ஒப்புக்கொள்ளவில்லை.

மேடம் படித்தார். "இந்த 'நடைபெற உள்ளது' கொள்கையா, ஆசையா?"

"ரெண்டும்தான் மேடம்."

கையெழுத்து போட்டுவிட்டார்.

6. அக்காவுக்குத் தெரிந்தபோது

"ஏண்டா, என் கல்யாணத்துக்கு ஆடிட்டாடா?" மடித்துக்கொண்டிருந்த விரிப்பை என் மேலேயே எறிந்தாள். "மானத்தை வாங்கிட்டியே!"

"அக்கா, கேளு. அவர் எதுவும் சொல்லலைன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தம். சட்டப்படி."

"எதுவும் சொல்லலைன்னா?"

"ஆமா. பதினஞ்சு நாள் கம்முனு இருந்தா போதும்."

அக்கா அப்படியே துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "நாலு வருஷமா இந்த மனுஷன் வாயைத் திறக்க மாட்டேங்கிறாரேன்னு அழுதிருக்கேன். இப்போ திறந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கணுமா?" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சுவரில் இருந்த விரிப்புப் பட்டியலைக் காட்டினாள். எங்கள் கொள்கைப்படி விரிப்புக்கு ஆயுள் மூன்று வருடம். அதன் பிறகு கணக்கில் அதற்கு மதிப்பு பூஜ்யம். "இதெல்லாம் உன் கணக்குல செத்துப்போச்சு. நான் தினமும் துவைச்சு மடிச்சுப் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். அந்த மாதிரிதான்டா நானும்."

கதையில் இந்த இடத்தில் தம்பி ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும். நான் சொன்னது: "பத்து நாள்தான்கா இருக்கு."

7. இன்று

இன்று பதினோராவது நாள். செவ்வாய்.

(இங்கே ஒரு காட்சி எழுதி வைத்திருந்தேன். லிஃப்ட் நடுவில் நிற்கிறது. உள்ளே அக்காவும் அவரும் மாட்டிக்கொள்கிறார்கள். பேசித் தீர்த்து— வேண்டாம். லிஃப்டில் மாட்டிக்கொண்டு நிற்பவர் என்ன லிஃப்ட்காரர்? அவர் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனசில்லை.)

நடந்தது இது. காலையில் அவர் லிஃப்டை நிறுத்தி 'பராமரிப்பு' பலகை மாட்டிவிட்டு, நேராக என் அறைக்கு வந்தார். சட்டைப் பையில் கடிதம்.

"லெட்டர் வந்துச்சுங்க."

"வந்துச்சா சார்." நான் ஒன்றும் கேட்கக் கூடாது. ஆடிட் விதி.

"தொகை சரியா இருக்கு."

"சரிங்க."

"ஆனா ஒரு தப்பு இருக்குங்க."

எனக்கு உயிர் போய் வந்தது. "தப்பா? எதுல?"

"கீழ் ஹால்னு போட்டிருக்கு. நாங்க கட்டினது மாடி ஹாலுக்கு."

பழைய கடிதம்! பெயரை மாற்றினேன், தொகையை மாற்றினேன், ஹாலை மாற்றவில்லை. மறுபடியும் கோழி.

"சார், சார், அதுக்காக ஒப்புக்கொள்ளலைன்னு டிக் போட்டுடாதீங்க!"

"தப்புன்னா தப்புன்னு சொல்லணும்ல? அதுல ஒரு கட்டம்தானே இருக்கு." யோசித்தார். "மாடி ஹால்தான் வேணும்னு அவங்க கேட்டாங்க. அதுல ஜன்னல் இருக்குன்னு."

இத்தனை வருடத்தில் அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு இது. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் படியேறிப் போய்விட்டார்.

நான் துணி அறைக்கு ஓடினேன். சொன்னேன். அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஜன்னல்னா சொன்னார்?"

"ஆமாக்கா."

"நாலு வருஷம் முன்னாடி ஒரே ஒரு தடவை சொன்னேன்டா. அதுவும் போற போக்குல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தப்பில்லாம இன்னொரு லெட்டர் அடி. நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

"லிஃப்ட் ஓடலைக்கா. மொட்டை மாடி வரைக்கும் ஏறணும்."

"ஏறுறேன்."

புதுக் கடிதத்தில் 'விழா தேதி' என்ற இடம் காலியாக இருந்தது. அச்சடித்து வந்த தாளை என் கையிலிருந்து வாங்கி, என் பேனாவாலேயே அந்த இடத்தில் ஏதோ எழுதினாள். நான் பார்ப்பதற்குள் மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

8. அறிக்கை தேதிக்குப் பின் நடந்தவை

என் அறை வாசல் லிஃப்டுக்கு எதிரே இருக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அக்கா போய் நாற்பது நிமிடம் ஆகிறது. மேடம் ஒரு கோப்பைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறார்.

மூன்று முடிவுகள் யோசித்து வைத்திருந்தேன். முதலாவதில் இருவரும் சேர்ந்து இறங்கி வருகிறார்கள். இரண்டாவதில் அக்கா தனியாகப் படியில் வருகிறாள், நான் போய் அந்த வரியைத் திருத்துகிறேன். மூன்றாவதில் அவர் 'சரிங்க' என்று மட்டும் சொல்ல, இன்னும் நாலு வருடம்—

லிஃப்டுக்கு மேலே விளக்கு எரிகிறது. ஐந்து. நான்கு. மேடம் கோப்பை மூடிவிட்டார். மூன்று. உள்ளே ஒருவரா, இருவரா? இரண்டு.

என்னால் இதற்குமேல் எழுத முடியாது. நடக்காததை எழுதக் கூடாது என்பது எங்கள் கொள்கை, நீங்களே படித்தீர்கள். ஆகவே முறைப்படி உங்களிடம் விட்டுவிடுகிறேன்:

அன்புள்ள வாசகருக்கு,

எங்கள் கதையின்படி, துணி அறைப் பொறுப்பாளருக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்கும் திருமணம் நடைபெற உள்ளது. இடம்: மாடி ஹால். ஜன்னல் உண்டு. மேற்கண்ட விவரம் தவறு எனில் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும்.