திரும்பி வந்தவனுக்குக் கல் இல்லை

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. நம் ராணுவம் உருவான வரலாற்றைப் பற்றி ஒரு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். தொடக்கத்தைத் தேடி அரூர்ப் பக்கம் போனேன். மரவள்ளிக் காட்டோரம் ஒரு நடுகல்லாக வேடியப்பன் நின்றிருந்தார். ஊருக்குச் சாமி. கல்லை உற்றுப் பார்த்தால் கையில் வில், பின்னால் மாடுகள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன்.

'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவன் ஓடினான். அதுவே நம் படையின்...'

(அடித்துவிட்டேன். மேடைப்பேச்சு.)

2.

அந்த மரவள்ளிக் காட்டுக்குச் சொந்தக்காரி ராஜமேரி வந்தாள். மகள் ஆக்சிலியாவுக்குப் பட்டாளத்தில் சேர ஆசை. பதினெட்டு நிறையவில்லை, பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும். அப்பா விக்டர் போட்டுவிட்டார். படிவத்தில் அம்மாவின் இடம் காலி. நாளை கடைசி நாள்.

விடியற்பனியில் மகள் பொம்மிடி சாலையில் ஓடிப் பழகுவதை ராஜமேரி கனவில் பார்க்கிறாள். மகளுக்குப் பின்னால் உலகப் போருக்குக் கப்பலேறிப் போன சிப்பாய்கள் ஓடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கும்பினியின் சிவப்புச் சட்டைகள், திப்புவின் குதிரைகள், பெயர் மறந்த அரசர்களின் வில்லாளிகள். உடை மாறியது, கொடி மாறியது, சோறு போட்ட கை மாறியது. கடைசியாக, மாட்டைத் தேடிக்கொண்டு கல்லில் இருந்தவன். ஒருவர் காலடியும் கேட்கவில்லை. அவளுக்கு வயிற்றைப் பிசைகிறது.

3.

எழுதியதை ராஜமேரிக்குப் படித்துக் காட்டினேன்.

"கனவெல்லாம் நான் காணலீங்க" என்றாள். "வயித்தப் பெசையறது மட்டும் நெசம்."

(கனவு என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன்.)

"இத்தன பேரு போனாங்களே, திரும்பி வந்தவங்களுக்குக் கல்லு எங்கங்க?"

"வந்தவங்களுக்குக் கல் நடறதில்லைங்க."

"அப்ப யாராச்சும் வந்தாங்களான்னு உங்களுக்கே தெரியாதா?"

வெட்கமாக இருந்தது. நான் கல் கல்லாகச் சேர்த்த வரலாற்றில் வீடு வந்து களி தின்றவன் ஒருவன்கூட இல்லை.

4.

முடிவுகள் வைத்திருந்தேன். கையெழுத்துப் போடுகிறாள்; விடுப்பில் வரும் மகள் பொம்மிடி ரயிலடியில் இறங்குகிறாள். அல்லது போடவில்லை, ஒரே வீட்டில் இருவரும் பேசாமலே...

ராஜமேரி குறுக்கிட்டாள். "எம்பொண்ணு வூட்டுக்குத் திரும்பி வந்தான்னு எழுதுங்க. நான் போட்டுடறேன்."

எழுதினால் பொய். எழுதாவிட்டால், ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது?

கல் நட்டால்தான் ஒருவர் கதை முடிகிறது. அதனால் இதை நான் முடிக்க மாட்டேன். பேனாவை ராஜமேரியிடம் கொடுத்துவிட்டேன். படிவத்தில் 'ரா' வரை எழுதி நிறுத்தியிருக்கிறாள்.

மீதி மூன்று எழுத்தையும் நீங்கள் போடலாம். போட்டால், நாளையிலிருந்து பொம்மிடி சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியவரும் நீங்கள்தான்.