இடுப்பளவு உயரத்தில் ஓர் அப்பா

...நகரக் கூடாது, நகர்ந்தால் தெரிந்துவிடும், இடது காலைக் கொஞ்சம் அகட்டிக்கொண்டால் படம் முழுதாக மறைந்துவிடும் என்று பிரேம்நாத் அந்த எல்.கே.ஜி. வகுப்பின் சுவரோடு சுவராக நின்றான், நல்லவேளை, இந்தப் பள்ளிக்கூடத்தில் படங்களைப் பிள்ளைகளின் கண்ணுக்கு நேராகத்தான் ஒட்டுவார்களாம், பெரியவர்களுக்கு இடுப்பளவு உயரம், ஜெனிஃபா மிஸ் வாசலிலேயே சொல்லிவிட்டார், இது அவங்க கிளாஸ் சார், நாமதான் குனிஞ்சு பாக்கணும்... குனிந்தான், நிமிர ஒரு நிமிடம் ஆனது. 'என் அப்பாவின் வேலை' என்று தலைப்பு, இருபத்தாறு அப்பாக்கள், ஆட்டோ ஓட்டும் அப்பா, ஊசி போடும் அப்பா, தோல் வெட்டும் அப்பாக்கள் மட்டும் ஒன்பது பேர், எல்லார் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது, அவன் மகள் ஃபீபி வரைந்த அப்பா மட்டும் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார், பின்னால் கல் சுவர், முன்னால் நீல நிறத்தில் தண்ணீர், உதட்டின் மேல் ஒரு விரல், அந்த விரல் மூக்கைவிடப் பெரிது.

வேலை போய் ஏழு வாரம் ஆகிறது, ஷூ கம்பெனியில் ஆர்டர் கம்மி என்று கட்டிங் பிரிவில் பாதிப் பேரை நிறுத்தினார்கள், அந்தப் பாதியில் அவனும் இருந்தான், மனைவி பிரிசில்லாவிடம் திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தான், எந்தத் திங்கட்கிழமை என்றுதான் முடிவு செய்யவில்லை. அதே யூனிஃபார்ம், அதே டிபன் பாக்ஸ், ஆம்பூரில் எங்கே உட்கார்ந்தாலும் நாலு பேர் விசாரிப்பார்கள், ஆகவே தினமும் பஸ் ஏறி வேலூர்க் கோட்டைக்குப் போய் அகழி ஓரம் மரத்தடியில் உட்கார்ந்தான், அங்கே தெரிந்தவர்கள் யார் வரப்போகிறார்கள்... வந்தார்கள், இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு, மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, எல்.கே.ஜி. பி பிரிவு முழுவதும். சுற்றுலாவுக்குச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவனே அவன்தான், எந்த ஊருக்கு என்று படித்தும் பார்த்திருக்கலாம். ஃபீபி பார்த்துவிட்டாள், வாயைத் திறந்தாள், அவன் உதட்டில் விரலை வைத்தான், அவளும் வைத்தாள், அதன்பிறகு இன்றுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தங்கமான பிள்ளை, வரையாதே என்று அவன்தான் சொல்லவில்லை.

இன்னா பிரேமு, மூலையில நிக்கற, பனிஷ்மென்ட்டா, என்று பக்கத்து வீட்டு யாசிர் வந்து தோளில் அடித்தான், என் புள்ள என்னைப் பூசணிக்காய்க்குக் கால் மொளச்ச மாதிரி வரைஞ்சி வெச்சிருக்குது தோஸ்த், ஒரே பேஜாரு, உன்னுது எங்க, காட்டு, நானும் கொஞ்சம் சிரிச்சிக்கறேன்... அப்புறம் காட்டறேன், நீ போப்பா... அட, ஜாஸ்திதான் பண்ற, என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான், ஆனால் அதோ பிரிசில்லா வருகிறாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு படம் விடாமல், நிதானமாக, ஆஸ்பத்திரி லேபில் கண்ணாடித் துண்டில் கிருமி தேடுகிறவளுக்குச் சுவரில் புருஷனைத் தேட எவ்வளவு நேரம் ஆகும்? பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளலாமா? ஒரு தாள்தானே, மென்றுவிடலாம், கிரேயான் விஷமா? இல்லை, இப்போதே சொல்லிவிடலாமா, பிரிசி, எனக்கு வேலை இல்லை, நாலே வார்த்தை, இன்னும் மூன்று படம், இரண்டு...

ஏங்க, கொஞ்சம் நகருங்க, என்றாள். நகர்ந்தான். அவள் குனியவில்லை, தரையிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள், படத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்பா இன்னா பண்றாரு பாப்பா இதுல? ஃபீபி அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஃபேக்டரிம்மா, மெஷின் ரிப்பேரு, அதான் உக்காந்துனு இருக்காரு. நாலு வயது, கண்கூடச் சிமிட்டவில்லை, மெஷின் ரிப்பேர் என்று அவன் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, எங்கிருந்து வந்தது இது, எவ்வளவு சுத்தமாக வருகிறது... ஆனாலும் தப்பித்தான். நல்லா வரைஞ்சிருக்க, என்றாள் பிரிசில்லா, மகளின் காலரைச் சரிசெய்தாள், எழுந்து அடுத்த படத்துக்குப் போய்விட்டாள், அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், எந்த ஃபேக்டரி வாசலில் இவ்வளவு நீலமாகத் தண்ணீர் பார்த்தாள், கேட்கவில்லை, வாயில் ஏன் விரல் என்று கேட்கவில்லை, உள்ளே மரம் ஏது என்றும் கேட்கவில்லை... எத்தனை வாரமாகக் கேட்காமல் இருக்கிறாள்?