அஞ்சுகத்தின் மூக்குத்தி

அஞ்சுகத்துக்குப் பிடித்த மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று தெட்சிணாமூர்த்தி முப்பத்தெட்டு வருஷமாகத் தலைகீழாய் நின்று பார்த்துவிட்டார். நடந்தால்தானே! கல்யாணமான புதிதில் காரைக்கால் பீச்சில் எடுத்த படத்தைப் பார்த்து, “யாருங்க இவ? மூஞ்சி ஒரு பக்கமா கோணிக்கிட்டு!” என்று கேட்டவள் அவள். அன்றிலிருந்து அவர் எடுத்த படங்களெல்லாம் பீரோவில் சேலைக்கு அடியில் குப்புறக் கிடந்தன.

இப்போது விளையாட்டில்லை. அவளுக்குக் காதுக்குக் கீழே கட்டி. வியாழக்கிழமை புதுச்சேரியில் ஆபரேஷன். நரம்பில் பட்டுவிட்டால் வாய் ஒரு பக்கம் தொங்கிப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த முகத்தை எடுத்து வைக்க நாலே நாள்தான் இருந்தது.

மகள் ஜெயப்ரியா செல்போனை நீட்டியதுமே மனுஷி விறைத்துப்போனாள். கண்ணுக்கு நேரே எதையாவது தூக்கிப் பிடித்தால் அவளுக்கு ஆகாது. அதனால்தான் தெட்சிணாமூர்த்தி பழைய யாஷிகா கேமராவை எடுத்தார். இரட்டை லென்ஸ் பெட்டி அது. வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் கண்ணாடியில் பார்த்து எடுக்க வேண்டும். ஃபிலிமும் பெரிசு, ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாக விழும். ஆனால் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். சென்னையிலிருந்து வரவழைத்ததோ ஒரே சுருள்.

கொல்லை வாசல் வெளிச்சத்தில் அவளை உட்கார வைத்தார். அந்தக் கண்ணாடியில் எல்லாமே இடம் வலம் மாறித்தான் தெரியும். அவளை நடுவில் கொண்டுவரக் கேமராவைத் திருப்பினால், அவள் இன்னும் ஓரத்துக்குப் போனாள்.

“முப்பத்தெட்டு வருஷமா இதே கூத்து! இன்னுமா பழகல உங்களுக்கு?” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகவே பாதி நேரம் வேண்டுமென்றே தப்பாகத் திருப்புவார். அது அவளுக்குத் தெரியாது. புது மாப்பிள்ளையாய், மாமனார் வீட்டுக் கூடத்தில், கேமராவைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களெல்லாம் திரும்பி வந்தன. கேமரா பட்டனை அழுத்தினார்.

மறுநாள் மத்தியானம் குளியலறை ஜன்னலைப் போர்வையால் அடைத்து, ஃபிலிமைக் கழுவிக் காயவைத்து, சிவப்பு விளக்கில் பிரிண்ட் போட்டார். கொண்டுபோய் நீட்டிவிட்டு வழக்கமான வசவுக்குக் காத்திருந்தார்.

அஞ்சுகம் அதை ஜன்னலோரம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“என்னங்க, இதுதாங்க நான்! இப்பதான் என்னைய மாதிரியே எடுத்திருக்கீங்க. வாய் தொங்கிப்போனாலும் இதப் பாத்துக்கிட்டுக் காலத்த ஓட்டிடுவேன்.”

வாங்கிப் பார்த்தவருக்குப் பகீரென்றது. வலது மூக்கில் இருக்க வேண்டிய மூக்குத்தி இடது மூக்கில் இருந்தது. முந்தானை வலது தோளுக்குப் போயிருந்தது. அட பாவி, பதற்றத்தில் நெகட்டிவை மறுபக்கமாகப் போட்டிருக்கிறார்!

“தப்பாப் போச்சு” என்று வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். அவள் தன் முகத்தைத் தினமும் பார்ப்பது பீரோக் கண்ணாடியில். அங்கே மூக்குத்தி இந்தப் பக்கம்தான். அவர் குனிந்து குனிந்து பார்த்த யாஷிகா கண்ணாடியிலும் இந்தப் பக்கம்தான். இரண்டு பேரும் இத்தனை காலம் ஒரே முகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். காகிதத்தில் வரும்போது மட்டும் அது மாறிப்போயிருக்கிறது.

“என்னங்க, நல்லா இல்லியா?”

“நான் பாத்த அஞ்சுகம் இவதான்” என்றார். “அந்தப் பழைய நெகட்டிவ் பொட்டிய எங்க வச்சே?”

“அது எதுக்கு இப்ப?”

“எடு, சொல்றேன்.”

வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு முழு நாள் இருந்தது. ஜன்னல் போர்வையை அவர் கழற்றவில்லை. பீச்சில் எடுத்ததை முதலில் தேடியெடுத்து, மறுபக்கமாகத் திருப்பிப் போட்டார்.