என் முடியை நேர்ந்தவள்

என் மனைவி செல்வலட்சுமி இறந்த நான்காவது மாதம், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் அழகுமீனா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"யப்பா, கடைசியா ஆஸ்பத்திரியில அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேர்த்தி பாக்கி கிடக்குன்னாக. என்ன நேர்த்தின்னு சொல்றதுக்குள்ள பேச்சு நின்னுருச்சு. அது என் பிள்ளை மேலதான் வந்து விழும்."

அன்று காலைதான் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். உப்பைக் குறைத்துவிட்டோம். மாத்திரையும் கொடுக்கிறோம். பயத்துக்குக் கொடுக்கத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் சாமி கும்பிடாதவன். சாமி பெயர் வேண்டாமென்று எனக்குப் புகழேந்தி எனப் பெயர் வைத்த அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் அது. சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். நல்ல நேரமும் சந்திராஷ்டமமும் என் கண்ணைத் தாண்டித்தான் ஊருக்குப் போகின்றன. அவற்றை நம்பியவள் செல்வலட்சுமி. சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகராக இருந்தாள். புதுப் புத்தகம் வந்தால் அட்டையின் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்த பிறகுதான் எண் ஒட்டுவாள். நான் சிரிப்பேன். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். மாலையில் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்தால் விளக்குப் போடும்வரை எங்கள் வீட்டில் பேச்சிருக்காது. அந்த மௌனத்தில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அவள் என்ன நேர்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கக்கூடியவள் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் மாரித்தாய்தான். போய்க் கேட்டேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

"ஒரு நேர்த்தியா? டீச்சர் ஒன்னோடவா நிறுத்துனாக?"

மாரித்தாய் முன்பு ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். சீசன் நேரத்தில் கம்பெனி வேன் திரும்பத் தாமதமாகும். தொழிலாளிகளின் பிள்ளைகள் அதுவரை நூலகத்தில்தான் இருப்பார்கள்.

"வேன் வந்து எல்லாரும் இறங்குற வரைக்கும் டீச்சர் சன்னலை விட்டு நகர மாட்டாக. ஆத்தா, இதுகளோட அம்மாமாரு முழுசா வந்துரட்டும், எங்க வீட்டுக்காரர் முடியைத் தாரேன்னு வேண்டுவாக. நான் தீக்காயத்தோட கிடந்தேன்ல, அதுக்கும் ஒங்க முடிதான். வாட்ச்மேன் மகனுக்குக் கண் ஆபரேசன், அதுக்கும் ஒங்க முடிதான் சார்."

"என் முடியவா?"

"ஒங்க முடியவேதான். ஏன் டீச்சர், ஒங்க முடியைக் கொடுத்தா ஆத்தா வேணாம்பாளான்னு நான் கேட்டேன். என் முடி வளர வளரக் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், அவுகளுக்குத்தான் முடி மேல ஆசை ஜாஸ்தி, ஆசைப்பட்டதைக் கொடுத்தாத்தான் நேர்த்தின்னாக." சிரித்தவள் என் தலையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை, இருக்கன்குடியில் மொட்டை எடுக்கலாமா என்று செல்வலட்சுமி கேட்டாள். என் தலை விஷயத்தில் வராதே என்றேன். அதன்பிறகு அவள் கேட்கவே இல்லை. முடி வெட்டிக்கொண்டு வரும் நாட்களில் மட்டும் என் தலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அழகு பார்க்கிறாள் என்று இருந்துவிட்டேன். அவள் கண்ணுக்குள் எந்தெந்த வேன் ஓடியதோ.

மகன் இல்லாததால் அவளுக்குக் கொள்ளி வைத்தவன் நான். தலையையும் மீசையையும் மழித்தார்கள். அவள் ஆத்தாளுக்குத் தருவதாகச் சொன்ன முடி அவள் எரிந்த சுடுகாட்டிலேயே விழுந்தது. இப்போது இருப்பது அதன்பிறகு முளைத்தது.

இதையே கொடுத்துவிடுவது என்று மறுநாள் மகளிடம் சொல்லாமல் இருக்கன்குடிக்கு பஸ் ஏறினேன். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருடம் திரும்பும்வரை நேர்த்தி செலுத்தக் கூடாது என்பது தெரியும். நம்பாதவனுக்கு ஏது தீட்டு?

முடி இறக்கும் கொட்டகையில் நாவிதர் என் தலையில் தண்ணீர் தேய்த்தார். விரல்கள் பாதியில் நின்றன. முன்னால் வந்து மீசையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒரே நாள்ல எடுத்து வளர்ந்திருக்கு. வீட்டுல யாரு தவறுனது?"

"வீட்டம்மா."

கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "வருசம் திரும்பட்டும், வாங்க."

"மகளுக்கு அதுக்கு முன்னாடியே பிரசவம். எனக்குத் தீட்டுல எல்லாம் நம்பிக்கை இல்லைங்க. எடுங்க."

"ஒங்களுக்கு இல்லாட்டிப் போகுது. நேந்தவுகளுக்கு இருந்துச்சா இல்லையா?"

அவர் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கோயிலுக்குள் போகவில்லை. வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றேன். ஆத்தாளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் நேர்ந்ததெல்லாம் என் தலைமேல், பிள்ளை பெறப்போகிறவள் மேல் இல்லை, வருடம் திரும்பும்வரை பொறுத்துக்கொள் என்று சொன்னேன். வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது. மாவிளக்குத் தட்டோடு போன பெண் ஒருத்தி ஒதுங்கி வழிவிட்டாள்.

வீட்டில் அழகுமீனாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு என் தலையைப் பார்த்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாமோ?

"ஆத்தாகிட்ட நீங்களே கேட்டீகளா?"

"ஆமா."

"கையெடுத்துக் கும்பிட்டீகளா, சும்மா நின்னீகளா?"

"கும்பிட்டுத்தான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா கேட்டிருந்தா மயக்கம் போட்டிருப்பாக." தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டாள். மோரும் கேட்டு வாங்கிக் குடித்தாள். சற்று நேரத்தில் ஒருக்களித்துப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். எத்தனையோ நாளாக அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

புத்தகத்தை எடுத்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை. எழுந்து போய் அவள் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்தேன். வந்து உட்கார்ந்தேன். உட்கார முடியாமல் மறுபடியும் போய்ப் பார்த்தேன்.