பதினோரு நிமிடக் கைதட்டல்

சங்கத் திறப்பு விழாவில் தான் பேசி முடித்ததும் பதினோரு நிமிடம் கைதட்டல் ஓயவில்லை என்று மாமா முப்பத்தைந்து வருடமாகச் சொல்லிவருகிறார். எங்களுக்குக் காது புளித்துவிட்டது. நாளை அவருக்கு எழுபத்தைந்து. விழாவில் அதைத் திரையில் காட்டி எல்லார் வாயையும் அடைக்க வேண்டுமாம். பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது என் பிழைப்பு என்பதால் கேசட் என் மேஜைக்கு வந்தது.

பூஞ்சை பிடித்திருந்தது. துடைக்கத் துடைக்க நாடா பழுப்புத் தூளாக உதிர்ந்தது. ஒரே ஓட்டம்தான் தாங்கும், அதோடு படம் போய்விடும் என்று எச்சரித்தேன்.

"நான் பேசினதும் ஒரே தடவைதாம்மா" என்றார் மாமா.

ஓடவிட்டேன். மாமா பேசினார், முடித்தார், கைகூப்பினார். கைதட்டல் இடியாக எழுந்தது. கேமரா மட்டும் ஒருமுறைகூடக் கூட்டத்தின் பக்கம் திரும்பவில்லை.

இந்த நாடாவில் ஒலிக்கு இரண்டு தடங்கள். ஓரத்தில் இருப்பதை அழித்துவிட்டு வேறு சத்தம் சேர்க்கலாம். படத்துக்கு அடியில் இருப்பதைத் தொட முடியாது. என் கருவி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தரும். எது தெளிவு என்று பார்க்க அடித்தடத்துக்கு மாற்றினேன்.

கைதட்டல் அற்றுப்போனது. ஆளில்லாத மண்டபத்தில் மின்விசிறி முனகியது. கேமராவுக்குப் பின்னால், செத்து ஒன்பது வருடமான அத்தையின் குரல்.

"கையை இறக்காதீங்க. ஆளு வரலைன்னா என்ன, கைதட்டலை அப்புறம் சேர்த்துக்கலாம்."

சிரிப்பு வந்தது. இதையே நாளை போட்டால் என்ன என்று ஒரு குரூர ஆசையும் வந்தது. தடம் மாற்றும் பொத்தானை விட்டுக் கையை எடுத்தேன்.

"கொசு" என்றது குரல். "மாத்துடி. அவர் அதை மறந்தே போயிட்டார்."

அந்தப் பட்டப்பெயரை எனக்கு வைத்தது அத்தைதான். நான் பிறந்தது அந்த விழாவுக்கு மூன்று வருடம் கழித்து.

மாற்றினேன். விட்டுப்போன வினாடிகளில் பக்கத்துக் கைதட்டலை வெட்டி ஒட்டினேன். அத்தைக்கு நானும் கூட்டு.

மறுநாள் மண்டபத்தில் சொந்தக்காரர்கள் இருபது பேர், பாதிப் பேருக்குக் கண் சாப்பாட்டுக் கூடத்தின் மேல். படம் முடிந்ததும் புரொஜெக்டரை அணைத்தேன். மேடையில் மாமா கைகூப்பினார். மரியாதைக்கு நாலு தட்டு தட்டி ஓய்ந்தார்கள்.

ஒரு ஜோடிக் கை மட்டும் ஓயவில்லை. புரொஜெக்டருக்குப் பின்னால், நிதானமாக, வளையல் சத்தத்தோடு. அங்கே நான் மட்டும்தான் நின்றேன். என் இரண்டு கையிலும் வயர்.

மாமா கையை இறக்கவில்லை. நான்காவது நிமிடத்தில் விரல்கள் நடுங்கத் தொடங்கின. இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.