எட்டும் வெடித்தாயிற்று

"தலைமாட்டுல புடிங்க" என்று தச்சன் முனியப்பன் சொன்னதும் எட்மண்ட் மூடியைப் பிடித்துப் பொருத்தினான். சுரங்கத்துக்கு வெடிமருந்து வந்த பெட்டிகளின் பலகையில் செய்த சவப்பெட்டி. எவ்வளவு இழைத்தும் கறுப்பு எழுத்துகள் முழுசாகப் போகவில்லை. உள்ளே, முகத்தையும் சேர்த்துத் துணி மூடிக் கிடந்தான் மாணிக்கராஜ், எட்மண்டின் மனைவி பாக்கியவதிக்கு அண்ணன்.

பாக்கியவதி கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாங்க, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா உபதேசியார் கேப்பாரு. எங்கண்ணன் குடிக்கல."

குடிபோதையில் பாறையைப் பார்க்காமல் உளி வைத்து, உள்ளே தங்கியிருந்த மருந்து வெடித்துச் செத்தான் என்று சுரங்கத்துத் துரை சொல்லிவிட்டார். மாணிக்கராஜ் கிறிஸ்துமஸோடு சாராயத்தை விட்டவன், ஆனால் அதைத் தங்கையைத் தவிர யாரும் நம்பவில்லை. குடித்துச் செத்தவன் என்பதால் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் குழி வெட்டியிருந்தார்கள். சபையின் பாதிரியாரான ஐயர் கோலாரிலிருந்து நாளை ஈஸ்டருக்குத்தான் வருவார். அதுவரை உபதேசியார் சிரில் வைத்ததே சட்டம்.

அவர் எட்மண்ட் சொன்னால் கேட்பார்தான். முழங்கால் மரத்துப்போகும் அளவுக்கு நீளமாக ஜெபிக்கிறவனுக்குச் சபையில் இருந்த மதிப்பு அப்படி.

நேற்று பெரிய வெள்ளி. சுரங்கத்துக்கு அதெல்லாம் தெரியாது. காலை ஷிஃப்ட் முடியும்போது எட்மண்ட் பாறையில் மருந்து வைத்த எட்டுக் குழிகளில் திரியைக் கொளுத்திவிட்டு, ஓடி ஒதுங்கி வெடிச்சத்தத்தை எண்ணினான். ஏழு கேட்டது. ஒன்று குறைந்தால் மேலே போக முடியாது. புகை அடங்கும்வரை காத்திருந்து, வெடிக்காத குழியைத் தேடி அடையாளம் வைக்க வேண்டும். கோயிலில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாம் வார்த்தையை அவன் வாசிப்பதாக ஏற்பாடு. கடைசிச் சத்தம் பெரிதாகத்தானே இருந்தது, இரண்டு சேர்ந்து வெடித்திருக்கும் என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான்.

அடுத்த ஷிஃப்டுக்குக் கூண்டில் இறங்கி வந்த மாணிக்கராஜ் கேட்டான்.

"இன்னா மாப்ள, எல்லாம் வெடிச்சிச்சா?"

"எட்டும் வெடிச்சிச்சு மச்சான். நான் கோயிலுக்குப் போறேன்."

"எனக்கும் சேத்து வேண்டிக்க."

அவன் வாயில் வெற்றிலை வாசனைதான் இருந்தது.

எட்மண்ட் மூன்றாம் வார்த்தையைக் குரல் பிசகாமல் வாசித்தான். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, சுரங்கத்திலிருந்து ஆள் வந்து நின்றிருந்தான்.

இப்போது எட்மண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு உபதேசியாரைப் பார்த்தான்.

"ஐயா, மச்சான் குடிக்கல. எறங்கி வரச்சே கிட்ட நின்னு பேசுனேன்."

"குடிக்காதவன் எப்படிப்பா வெடிக்காத மருந்து மேல உளிய வெப்பான்? எட்டும் வெடிச்சிச்சுன்னு நீதானே சொன்ன? அவன் இடம் தெரியாம, என்னிக்கோ மருந்து தங்கிப்போன பழைய குழியத் தோண்டியிருக்கான். உன் வார்த்தய வெச்சித்தான் துரையே எழுதினாரு."

எட்மண்டுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயம் நரகத்துக்கு இல்லை. சட்டையை விடாமல் நிற்கிற இவளுக்குத்தான்.

முனியப்பன் ஆணி அடிக்கத் தொடங்கினான். ஒவ்வொரு ஆணியாக எட்மண்டின் மனசு எண்ணியது. வேண்டாம் என்றாலும் எண்ணியது. ஏழாவது ஆணி இறங்கியதும் சுத்தியல் நின்றது.

"ஆச்சா?" என்றார் சிரில். "தூக்குங்க."

நாலு பேர் குனிந்தார்கள்.

"ஏழுதான்" என்றான் எட்மண்ட்.

முனியப்பன் நிமிர்ந்தான். "எட்டாவது ஆணி கால்மாட்டுக்கு. இங்கதான் வெச்சேன், தேடறேன்."

"ஆணியச் சொல்லல. நேத்து ஏழுதான் கேட்டுச்சி. கோயிலுக்கு நேரமாச்சின்னு எட்டுன்னு சொல்லிட்டேன்."

சிரில் வேதப்புத்தகத்தை மூடினார். மண்வெட்டியோடு நின்ற ஆளைப் பார்த்து வேலியின் உள்பக்கம் கையைக் காட்டினார். அந்த ஆள் ஓடினான்.

பாக்கியவதியின் விரல்கள் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன. அவள் பெட்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போய், அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மண்ணைத் துழாவி ஆணியை எடுத்து, முந்தானையில் துடைத்து, முனியப்பனிடம் நீட்டினாள்.

எட்மண்ட் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.