முதல் நாள் ஏன் நிறுத்தினான்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கதை இல்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு சின்ன மனஸ்தாபம், கடைசிப் பக்கத்தில் சமாதானம் என்று ஒரு காதல் கதை. என் கைக்குப் பழகிப்போன வேலை. பாதியில் இருக்கும்போது, நான் வேலை பார்க்கும் நூலகத்தில் எங்கள் எல்லாருக்கும் ஒரு பயிற்சி வைத்தார்கள். இனப் பாகுபாடு என்றால் என்ன என்று பெரியவர்களுக்கு அனுபவத்தில் புரியவைக்கும் பயிற்சியாம். மணிக்கட்டில் ஆளுக்கொரு துணிப் பட்டை கட்டினார்கள். மஞ்சள் கட்டியவர்கள் சுவரோரம் நிற்க வேண்டும், நீலம் கட்டியவர்கள் நாற்காலியில் உட்காரலாம். எனக்கு நீலம். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பத்து வருடமாக என்னோடு டீ குடிக்கிற பக்கத்து மேஜைக்காரியைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். அவளும் தள்ளி நின்றாள்.

அன்றிலிருந்து காதல் கதை நகரவே இல்லை. வேறு வழியில்லாமல் என் காதலர்களையும் அந்தப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தேன்.

2.

ஆரம்பம், முதல் முயற்சி: மருந்துக் கிடங்கின் வாசலில் அவன் அவளை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் கண்களில்—

இதை விட்டுவிட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

இரண்டாவது முயற்சி: அவள் மாநிறம்.

இதையும் அடித்துவிட்டேன்.*

(* என் கதாநாயகிகள் எல்லாருமே மாநிறம்தான். கறுப்பு என்று எழுதினால் பரிதாபமாகிவிடுமோ, சிவப்பு என்று எழுதினால் பீற்றல் ஆகிவிடுமோ என்று பயந்து, அந்த ஒரு சொல்லுக்குள் இத்தனை நாளும் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறேன். இவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. இதே நகரத்தில் பிறந்து வளர்ந்தும், "நீங்க எந்த ஊரு?" என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்கப்படுகிற முகம் அவளுடையது. அவனை அப்படி யாரும் கேட்டதில்லை. இவ்வளவு தெரிந்தால் போதும்.)

மூன்றாவது முயற்சியை வைத்துக்கொண்டேன். கீழே இருப்பது அதுதான்.

3.

கிடங்கில் அவளைத் 'தேதி' என்றுதான் கூப்பிடுவார்கள். மாத்திரை அட்டைகளின் காலாவதித் தேதியைச் சரிபார்க்கிற வேலை. ஒரு பெட்டியைக் கையில் எடுத்த மாத்திரத்தில் இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடுவாள். அவனுக்கு 'செக்கிங்' என்று பெயர். இப்போது ஷிஃப்ட் மேற்பார்வையாளன், கண்ணாடி அறையில் மேஜை, மேஜை மேல் மின்விசிறி. ஆனால் எட்டு மாதத்துக்கு முன்புவரை வாசலில் பை சோதிக்கிறவனாக இருந்ததால் அந்தப் பெயர் போகவில்லை.

மருந்து புழங்குகிற இடம் என்பதால் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் வாசலில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திப் பையைப் பார்க்கலாம். யாரை என்பது காவலர் இஷ்டம். நிறுத்தப்பட்டவரின் பணியாளர் எண்ணை மட்டும் ரிஜிஸ்டரில் எழுதிவிட வேண்டும்.

அவர்களுடைய காதல் கதை கிடங்கு முழுக்கப் பிரசித்தம். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம் அவன் அவளை நிறுத்தினான். மறுநாளும் நிறுத்தினான். அதற்கடுத்த நாளும். இருபத்திரண்டு நாள். கடைசியில் அவளே பையைத் தலைகீழாகக் கொட்டி, "இதுக்கு மேல என்ன இருக்குன்னு பார்க்கிறீங்க?" என்று கேட்டாள். "நீங்க இருக்கீங்கள்ல" என்றான் அவன். இதை அவனுடைய அம்மா சொந்தக்காரர்களிடம் நடித்தே காட்டுவாள். இரண்டு வருடம் போயிற்று. இப்போது வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பதிவுத் திருமணம், சாட்சிக் கையெழுத்துக்கு அவளுடைய அக்கா.

(இருபத்திரண்டு நாள் சமாசாரத்தை எழுதியபோது எனக்கே ஒரு திருப்தி. வாசகிகள் கடிதம் போடுவார்கள் என்றுகூட நினைத்தேன்.)

4.

பயிற்சி திங்கட்கிழமை, கிடங்கின் சாப்பாட்டு அறையில். பயிற்சியாளர் ஒரு பெண்மணி, கையில் அட்டைப் பெட்டி. யாருக்கு எந்த நிறம் என்று அவரே யோசித்துக் கட்டினார். செக்கிங்குக்கு மஞ்சள். தேதிக்கு நீலம். மதியம்வரை மஞ்சள்காரர்களுக்கு நாற்காலி இல்லை, கேட்டால் ஒழியப் பேசக் கூடாது, கதவருகில் பையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பை பார்க்கிற வேலை தேதிக்கு வந்தது.

அவன் சிரித்துக்கொண்டேதான் வந்தான். பின்னால் நின்றவர்கள், மாப்பிள்ளை மாட்டிக்கிட்டார் என்று கேலி செய்தார்கள். அவளும் சிரிக்கத்தான் நினைத்தாள். ஆனால் வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது.

"கொஞ்சம் ஓரமா வாங்க. சும்மா வழக்கம்தான், தப்பா எடுத்துக்காதீங்க."

அந்தக் குரலை அவன் எங்கேயோ கேட்டிருக்கிறான். எங்கே என்று பிடிபட ஒரு நிமிடம் ஆயிற்று. அது அவனுடைய குரல்.

அவள் முதலில் அவன் பையின் பக்கவாட்டு அறைகளைத் திறந்தாள், பிறகு குடையை உதறினாள், சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். எதையும் யோசிக்கவில்லை, கை தானாகப் போயிற்று. பையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பதிவு அலுவலக விண்ணப்பம் இருந்தது, பாதி அவன் கையெழுத்தில், பாதி அவள் கையெழுத்தில்.

"இது யாரோடது?"

"நம்மளோடதுதான்" என்றான் அவன், இன்னும் பாதிச் சிரிப்போடு.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

வரிசையில் ஒருவர் சிரித்தார். அவருக்குத் துணையாக வேறு யாரும் சிரிக்கவில்லை. அவள் விண்ணப்பத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினாள்.

[இங்கே அவளுக்கு உள்ளுக்குள் என்ன இருந்தது என்று நான் எழுத வேண்டும். "வலித்தது" என்று எழுதினேன், பொய்யாக இருந்தது. "பிடித்திருந்தது" என்று எழுதினேன், உண்மையாக இருந்தது, ஆனால் எழுதிய எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. இரண்டையும் விட்டுவைக்கிறேன்.]

5.

மதியம் பட்டைகளைக் கழற்றிவிட்டு எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்தார் பயிற்சியாளர். மஞ்சள்காரர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். செக்கிங்கின் முறை வந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. நான் எவ்வளவு திருப்பித் திருப்பி எழுதினாலும் அவன் நடிக்கிறவனாக வரவே மாட்டேன் என்கிறான்.

"இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது" என்றான்.

கைதட்டினார்கள். மூன்று மணி நேரத்தில் புரிந்துவிட்டதே என்று தேதி நினைத்தாள். இருபத்தெட்டு வருடமாக அதில் இருக்கிற தனக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை. அவளிடம் பயிற்சியாளர், இவ்வளவு இயல்பாகச் செய்தீர்களே, எப்படி என்று கேட்டார்.

"பழக்கம்" என்றாள். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

6.

பேருந்து நிறுத்தத்தில் அவன், தான் எவ்வளவு மாறிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் நடுவில் கேட்டாள்.

"முதல் நாள் என்னை ஏன் நிறுத்தின?"

"இதென்ன கேள்வி? உன்னைப் பார்க்கத்தான்."

"ரெண்டாவது நாள் சரி. முதல் நாள்? நீ என்னை அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லையே. வரிசையில பதினோரு பேர் இருந்தோம். நிமிர்ந்த, கையைக் காட்டின."

ஒரு பேருந்து வந்து நின்றது, யாரும் ஏறாமல் போயிற்று.

"தெரியல" என்றான்.

(என் பழைய கதாநாயகர்களில் ஒருவன்கூட இப்படிச் சொன்னதில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். இவனை அடித்துத் திருத்தி, "உன் கண்ணைப் பார்த்துத்தான்" என்று சொல்லவைத்தேன். படித்துப் பார்த்தேன். அவளை ஏமாற்ற நானும் கூட்டுச் சேர்ந்த மாதிரி இருந்தது. பழையபடி "தெரியல" என்றே போட்டுவிட்டேன்.)

7.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் அவள் வீட்டுக்கு வந்தான். அக்கா கதவைத் திறந்தாள். அவளும் அதே கிடங்குதான், பொட்டலப் பிரிவு. நாளைக்குக் கட்ட வேண்டிய புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேஜையில் இடம் ஒதுக்கினாள்.

அவன் பையிலிருந்து ஒரு தடித்த ரிஜிஸ்டரை எடுத்து வைத்தான். இரண்டு வருடத்துக்கு முந்தையது. அது கிடங்கைவிட்டு வெளியே வரவே கூடாது, வந்தது தெரிந்தால் வேலை போய்விடும். எப்படிக் கொண்டுவந்தாய் என்று தேதி கேட்டாள்.

"பையில வச்சுத்தான். என்னை யாரும் நிறுத்தல" என்றான். சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது, அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

முதல் நாள் பக்கத்தில் நாலு எண்கள் இருந்தன. ஒன்று தேதியுடையது. ஒன்று அக்காவுடையது. மற்ற இரண்டும் சுமைவண்டி ஓட்டுகிற பெரியவருடையது, துப்புரவுப் பிரிவுப் பெண்ணுடையது. அந்த ஷிஃப்டில் நாற்பது பேர். "நீங்க எந்த ஊரு?" என்று கேட்கப்படுகிற முகம் உள்ளவர்கள் மொத்தமே அந்த நாலு பேர்தான்.

"அன்னைக்கு உன்னையுமா நிறுத்தினாங்க?" என்று தேதி அக்காவிடம் கேட்டாள்.

"உனக்குப் பின்னாடியே. நீ வெளியே நின்னு உனக்குள்ளயே சிரிச்சிட்டு இருந்த. அதான் சொல்லல."

இரண்டாம் நாளிலிருந்து இருபத்திரண்டாம் நாள்வரை ஒரே ஒரு எண், அவளுடையது. அவன் விரலை வைத்துக்கொண்டே பக்கங்களைத் திருப்பினான். அக்கா மறுபடியும் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"இருபத்தொரு நாள் எங்க பையை யாரும் தொடலடி. நாங்க மூணு பேரும் உனக்குக் கோயில் கட்டலாம்னு பேசிக்கிட்டோம். அந்தப் பெரியவர்கூட, இந்தப் பொண்ணு சீக்கிரம் சம்மதிச்சிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டாராம்."

தேதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். இருபத்துமூன்றாம் நாள். அவள் எண் இல்லை. அக்காவின் எண், பெரியவரின் எண், துப்புரவுப் பெண்ணின் எண். அதற்கடுத்த நாளும். அதற்கடுத்த நாளும் அவன் கையெழுத்தில்தான், கோணல் இல்லாமல், அழகாக.

"அக்கா, இது நான் எழுதினதுதான். எழுதினது ஞாபகமே இல்ல" என்றான்.

"எங்களுக்கு இருக்கு" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. புடவையின் இன்னொரு மடிப்பைப் பிரித்தாள்.

8.

முடிவு, முதல் முயற்சி: தேதி விண்ணப்பத்தைக் கிழித்து—

இல்லை. அவள் எதையும் கிழிக்கிறவள் இல்லை. தேறாத பெட்டியைக்கூடப் பத்திரமாகத் தனியே எடுத்துவைப்பவள்.

முடிவு, இரண்டாவது: "தெரிஞ்சுக்கிட்டு வந்து சொன்னியே, அது போதும்" என்று அவள் அவன் கையைப்—

இதைத்தான் என் கை எழுதத் துடிக்கிறது. ஆனால் இந்த ரிஜிஸ்டரில் இருப்பது அவள் எண் மட்டும் இல்லையே. மற்ற மூன்று பேர் சார்பில் அவள் எப்படி மன்னிக்க முடியும்? அக்கா இருக்கிறாள், கேட்கலாம். கேட்டேன். அக்கா புடவையைத்தான் மடித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த இருபத்தொரு நாள் காதல் பொய்யா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். முதல் நாளும் இருபத்துமூன்றாம் நாளும் அதற்கு இரண்டு பக்கத்திலும் நிற்கின்றனவே, அதை என்ன செய்வது? தெரியவில்லை. அவன் சொன்ன அதே சொல்தான் எனக்கும் வருகிறது.

9.

நடந்ததுவரை சொல்கிறேன். ரிஜிஸ்டரைக் காலையில் யாருக்கும் தெரியாமல் திரும்ப வைக்க வேண்டும். அவன் அதைத் தன் பைக்குள் வைக்கப் போனான்.

"நான் கொண்டுவரேன்" என்றாள் தேதி.

"உன்னை நிறுத்திடுவாங்க. நான் கொண்டுபோனா யாரும்—" என்றவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

"நீ எனக்குப் பின்னாடி வா" என்றாள்.

வெள்ளிக்கிழமை, காலை எட்டு. கிடங்கு வாசல். அக்கா தேய்த்துக்கொடுத்த புடவையில் தேதி வரிசையில் நிற்கிறாள். தோள் பையில் ரிஜிஸ்டர், அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் விண்ணப்பம். அவளுக்கு நேர் பின்னால் அவன். பதிவு அலுவலகத்துக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. புதுக் காவலர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார். காவலர் அவளை நிறுத்தினால் பின்னால் நிற்கிற அவன் என்ன செய்யப் போகிறான் என்பதைப் பொறுத்துத்தான் அவள் பத்தரைக்குக் கையெழுத்துப் போடுவாள், போடாமலும் இருப்பாள். அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

(இப்போதுதான் உறைக்கிறது, நானும் அந்தப் பயிற்சியாளர் செய்ததைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆளுக்கொரு நிறம் கட்டி வரிசையில் நிறுத்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். என் மணிக்கட்டில் இன்னும் அந்த நீலப் பட்டை கட்டிய இடம் அரிக்கிறது.)

அதனால் இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். வரிசையில் பதினோரு பேர். பத்துப் பேரை நிறுத்திவிட்டேன். அவனுக்குப் பின்னால் ஓர் இடம் காலியாக இருக்கிறது, உங்கள் பையோடு வந்து நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்து பார்த்தால் அவன் முதுகு தெரியும், அவள் பின்னல் தெரியும்.

காவலர் நிமிர்கிறார். உங்களை இதுவரை எத்தனை முறை இப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள்.